சூரியன் ஏன் கருந்துளை ஆகாது?

சூரியன் ஒருநாள் வெடித்துச் சிதறும், அப்புறம் கருந்துளையாக மாறிப் பூமியை விழுங்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் இதை அடித்துச் சொல்கின்றன. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் காட்சி முடிந்து வெளியே வரும் குழந்தைகள் அப்பா அம்மாவிடம் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் இதுதான்.

இரண்டுமே நடக்காது. சூரியனால் அப்படி வெடிக்க முடியாது, கருந்துளையாகவும் ஆக முடியாது. அதற்கு வேண்டிய நிறை அதனிடம் இல்லை.

நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பதன் அளவு. நட்சத்திரங்களின் நிறையைச் சூரியனை வைத்தே அளப்பார்கள். 'பத்து சூரிய நிறை' என்றால் பத்து சூரியன்களில் உள்ள பொருள் அதில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நட்சத்திரம் எத்தனை காலம் வாழும், எப்படி முடியும், முடிந்தபின் எதை விட்டுச் செல்லும் என்பதெல்லாம் அது பிறக்கும்போது சேர்த்துக்கொண்ட நிறையைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன. இது புரிந்துவிட்டால் கருந்துளை பற்றிய பயத்தில் பாதி தானாகவே போய்விடும்.

## ஒரு நட்சத்திரம் எப்படி நிற்கிறது?

விண்வெளியில் வாயுவும் தூசும் சேர்ந்த பெரிய மேகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன். மேகத்தின் ஒரு பகுதி தன் சொந்த ஈர்ப்பால் சுருங்கத் தொடங்கும். சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடாகும். அந்தச் சூடு சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்குகின்றன. இதற்குப் பெயர் அணுக்கரு இணைவு. நட்சத்திரம் பிறந்துவிட்டது.

நட்சத்திரம் 'எரிகிறது' என்று நாம் சொன்னாலும் அங்கே தீ கிடையாது. தீ என்பது ஆக்சிஜனோடு நடக்கும் ரசாயன மாற்றம். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து தீப்பிடித்து எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் அது 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அணுக்கரு இணைவு அவ்வளவு சிக்கனமான எரிபொருள். சூரியனின் மையத்தில், ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில், ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் அளவுக்கு நிறை ஆற்றலாக மாறி வெளியேறுகிறது.

அந்த ஹீலியத்துக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நடந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டை அவர் குறித்துவைத்தார். அதே கிரகணத்தை வேறு சிலரும் பார்த்தார்கள். அந்தக் கோடு பூமியில் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்துடையது என்பதும், அதுதான் ஹீலியம் என்பதும் பின்னால் உறுதியாயின.

சரி, விஷயத்துக்கு வருவோம். நட்சத்திரத்தின் சொந்த ஈர்ப்பு அதை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. மையத்தில் உண்டாகும் வெப்பமும் அதனால் வரும் அழுத்தமும் வெளிநோக்கித் தள்ளுகின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் ஒரே அளவில் நிற்கும். எரிபொருள் தீரும், ஈர்ப்பு தீராது. நட்சத்திரத்தின் முடிவு பற்றிப் பேசும் எல்லாமே, எரிபொருள் தீர்ந்தபின் ஈர்ப்பை எது தடுத்து நிறுத்தும் என்ற கேள்விக்கான பதில்தான்.

## பெரிய நட்சத்திரம் ஏன் சீக்கிரம் முடிகிறது?

நிறை அதிகமென்றால் எரிபொருளும் அதிகம், அதனால் ஆயுளும் அதிகம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

சென்னையில் அபார்ட்மென்டில் வசிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு தனி வீட்டின் சம்ப்பைவிட பத்து மடங்கு பெரிய சம்ப் இருக்கும் ஒரு குடியிருப்பில், தினசரித் தண்ணீர்ச் செலவு அந்த வீட்டைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி வராத வாரத்தில் எந்த சம்ப் முதலில் காயும்? பெரியதுதான். எவ்வளவு இருந்தது என்பதைவிட என்ன வேகத்தில் செலவாகிறது என்பதே முக்கியம்.

நட்சத்திரத்தில் செலவின் வேகத்தைத் தீர்மானிப்பது நிறை. நிறை கூடினால் ஈர்ப்பு கூடும். அதைத் தாங்க மையம் இன்னும் சூடாக இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலே அணுக்கரு இணைவின் வேகம் பல மடங்கு ஏறிவிடும். அதனால் பத்து சூரிய நிறையுள்ள நட்சத்திரம் சூரியனைப்போல பல ஆயிரம் மடங்கு ஒளிர்கிறது. சூரியனின் ஆயுள் மொத்தம் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். இந்தப் பெரிய நட்சத்திரத்துக்கோ இரண்டு மூன்று கோடி ஆண்டுகள்தான்.

மறுமுனையில், சூரியனின் பாதி நிறைகூட இல்லாத சிறிய, மங்கிய, சிவந்த நட்சத்திரங்கள் இருக்கின்றன. இவை சிவப்புக் குள்ளர்கள். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி இந்த வகைதான். அதன் நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்கு. இந்த வகையில் மிகச் சிறியவை லட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் வாழும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அதனால் இதுவரை ஒரு சிவப்புக் குள்ளன்கூட முதுமையால் இறந்ததில்லை. நட்சத்திரங்களில் பெரும்பான்மை இவைதான். ஆனாலும் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: நிறை கூடினால் ஒளி கூடும், ஆயுள் குறையும்.

## சூரியனுக்கு என்ன நடக்கும்?

இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் தீரும். அங்கே ஹீலியம் மட்டும் மிஞ்சும். தள்ளிக்கொடுக்க ஆற்றல் இல்லாததால் மையம் சுருங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் மையத்தைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் இன்னும் வேகமாக இணையத் தொடங்கும். அந்த ஆற்றல் வெளி அடுக்குகளை ஊதிப் பெருக்கும். ஊதிய மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கும். இந்த நிலைக்குச் சிவப்பு ராட்சசன் என்று பெயர். புதனையும் வெள்ளியையும் விழுங்கும் அளவுக்குச் சூரியன் பெருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பூமிக்கு ஆபத்து அந்தக் கட்டத்துக்கு வெகு முன்பே வந்துவிடும். சூரியன் இப்போதும் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டிருக்கிறது, நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம். அந்த அளவு கூடினாலே பூமியில் கடல்கள் நிலைப்பது கடினம்.

மையம் பத்து கோடி டிகிரியை எட்டும்போது ஹீலியம் இணைந்து கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். இது இன்னொரு எரிபொருள், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து கார்பனை இணைக்க அறுபது கோடி டிகிரி அளவுக்காவது வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவரும் ஈர்ப்பு சூரியனிடம் இல்லை. வெளி அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளியில் கலைந்துபோக, சூடான மையம் மட்டும் நிற்கும். அளவில் பூமி, நிறையில் ஏறக்குறைய பாதி சூரியன். இதுதான் வெள்ளைக் குள்ளன். புதிதாக ஆற்றல் எதையும் தயாரிக்காமல், இருக்கும் சூட்டை மட்டும் பல நூறு கோடி ஆண்டுகள் வெளியிட்டுக் குளிர்ந்துகொண்டே போகும்.

எரிபொருள் இல்லாத வெள்ளைக் குள்ளனை ஈர்ப்பு ஏன் மேலும் நசுக்கவில்லை?

## மதராஸ் மாணவரின் கணக்கு

இதற்குப் பதிலின் முதல் பகுதியை 1926இல் கேம்பிரிட்ஜில் ரால்ப் ஃபவுலர் சொன்னார். அணுக்களில் இருக்கும் எலெக்ட்ரான்களுக்கு ஒரு கறாரான விதி உண்டு. இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. அவற்றைச் சின்ன இடத்தில் போட்டு அமுக்கினால், ஒன்றுக்கு ஒரு நிலை வேண்டுமே என்று மேலும் மேலும் வேகமான நிலைகளுக்குப் போகின்றன. அந்த வேகமே அழுத்தமாக வெளியே தள்ளுகிறது. இதில் வெப்பத்துக்கு வேலையில்லை. பொருள் முழுக்கக் குளிர்ந்தாலும் இந்த அழுத்தம் இருக்கும். அதனால்தான் வெள்ளைக் குள்ளன் எரிபொருள் இல்லாமலே நிற்கிறது.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, மெரினாவைப் பார்த்து நிற்கும் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர். 1930இல், இருபது வயது நிறையாத நிலையில், மேல்படிப்புக்காக பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். போகும் வழியில் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்.

அவர் கேட்டது எளிமையான கேள்வி. நிறை கூடக் கூட எலெக்ட்ரான்கள் வேகமாக ஓட வேண்டும். ஆனால் எதுவும் ஒளியைவிட வேகமாக ஓட முடியாதே, அப்போது? எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, அமுக்க அமுக்க அழுத்தம் கூட வேண்டிய அளவுக்குக் கூடாது என்று கணக்கு காட்டியது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் ஈர்ப்பே வெல்லும். இன்றைய கணக்கில் அது சுமார் 1.4 சூரிய நிறை. இதைத்தான் சந்திரசேகர் எல்லை என்கிறோம்.

அப்படியானால் அந்த எல்லைக்கு மேலே இருப்பவை சுருங்கிக்கொண்டே போகுமா? 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் இதை முன்வைத்தபோது, அன்றைய வானியலின் பெரிய பெயரான ஆர்தர் எடிங்டன் அதே மேடையில் மறுத்தார். ஒரு நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அப்படி ஒரு விதி இல்லை. இளைஞரின் கணக்குதான் நின்றது. 1983இல் நோபல் பரிசு வந்தது. இடையில் கழிந்த அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

## 1.4 பற்றிய பெரிய குழப்பம்

இந்த எண்ணைத்தான் அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். '1.4 சூரிய நிறைக்கு மேல் இருக்கும் நட்சத்திரம் எல்லாம் வெடிக்கும்' என்று எழுதுகிறார்கள். அந்த எல்லை, நட்சத்திரம் பிறந்தபோது இருந்த நிறைக்கு இல்லை. எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் மையத்தின் நிறைக்கு.

நட்சத்திரங்கள் முதுமையில் ஏராளமான பொருளை இழக்கின்றன. சுமார் எட்டு சூரிய நிறைவரை பிறந்தவைகூட வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு 1.4க்குக் கீழான வெள்ளைக் குள்ளனாக அடங்கிவிடும்.

இதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு. இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். ஒளி ஓராண்டில் போகும் தூரத்தை ஒளியாண்டு என்பார்கள், சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதோடு ஒரு வெள்ளைக் குள்ளன் ஜோடியாகச் சுற்றுகிறது. 1862இல் தொலைநோக்கியில் முதன்முதலாகத் தெரிந்தது. அதன் நிறை ஏறக்குறைய ஒரு சூரியன், அளவோ பூமியைவிடச் சற்றுச் சிறியது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. நமக்குப் பளிச்சென்று தெரியும் சிரியஸ் இரண்டு சூரிய நிறையுடன் இன்னும் நடுவயதில் இருக்க, துணை மட்டும் எப்படி இறந்தது? பிறந்தபோது அதுதான் பெரியது, சுமார் ஐந்து சூரிய நிறை. பெரிய சம்ப் முதலில் காய்ந்துவிட்டது. ஐந்தில் நான்கு பங்கை உதிர்த்துவிட்டு எல்லைக்குள் அடங்கியது.

வெள்ளைக் குள்ளன் வெடிப்பதும் உண்டு. அருகில் ஒரு துணை இருந்து, அதிலிருந்து பொருளை இழுத்துச் சேர்த்து 1.4ஐ நெருங்கினால், கார்பன் ஒரேயடியாக இணைந்து முழுதும் சிதறிவிடும். சூரியனுக்குத் துணை இல்லை, அதனால் அந்த வழியும் இல்லை.

## எட்டு சூரிய நிறைக்கு மேல்

பெரிய நட்சத்திரங்களில் மையம் சூடாகிக்கொண்டே போக முடியும். ஹீலியம் முடிந்தால் கார்பன், அப்புறம் நியான், ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒன்று தீர அடுத்தது தொடங்கும். ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட மிகக் குறுகியது. 25 சூரிய நிறையுள்ள நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டு வரும். கார்பன் சில நூறு ஆண்டுகள். ஆக்சிஜன் சில மாதங்கள். சிலிக்கன் ஏறக்குறைய ஒரே நாள்.

அந்த ஒரு நாளின் முடிவில் மையத்தில் இரும்பு சேர்ந்திருக்கும். இரும்பு எரிபொருள் ஆகாது. அதைவிடக் கனமான கருவாக இணைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், வரவு இல்லை. எலெக்ட்ரான்களின் அழுத்தம் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும் அந்த இரும்பு மையம் சந்திரசேகர் எல்லையை எட்டியதும் சரிகிறது. ஒரு நொடிகூட ஆகாது. பூமி அளவு இருந்தது சில பத்து கிலோமீட்டராகிவிடும். எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஒன்றாகி நியூட்ரான்கள் ஆகின்றன. கூடவே எதிலும் எளிதில் முட்டாத நியூட்ரினோ என்ற துகள்கள் கணக்கில்லாமல் வெளியேறுகின்றன. நியூட்ரான்கள் நெருங்கி நின்று எதிர்க்கும்போது சரிவு திடீரென நிற்கும். அங்கிருந்து கிளம்பும் அதிர்ச்சி அலை, நியூட்ரினோக்களின் உந்துதலோடு வெளி அடுக்குகளைப் பிய்த்து எறியும். இதுதான் சூப்பர்நோவா.

வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 99 சதவீதம் நியூட்ரினோக்களாகவே போய்விடும். நாம் பார்த்து வியக்கும் ஒளி மிச்சத்திலும் ஒரு சிறு பங்கு. 1987 பிப்ரவரி 23 அன்று, நமக்கு அருகிலுள்ள ஒரு சிறிய விண்மீன் மண்டலத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் நடந்த வெடிப்பின் நியூட்ரினோக்களை ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய மூன்று இடங்களின் கருவிகள் பிடித்தன. மொத்தம் இரண்டு டஜன் அளவுக்குத்தான். ஆனால் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே வந்து சேர்ந்தன. தாளில் போட்ட கணக்கு அப்படியே நடக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

வெடிப்புக்குப் பின் நடுவில் மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர், மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து தாம்பரம் வரை நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் சூரியனைவிட அதிக நிறை. 1054இல் சீன வானியலாளர்கள் பகலிலும் பார்த்துக் குறித்துவைத்த 'விருந்தாளி நட்சத்திரம்' இப்படிப்பட்ட வெடிப்பு. அதன் நடுவில் இருக்கும் நியூட்ரான் நட்சத்திரம் இன்றும் நொடிக்கு முப்பது முறை சுழல்கிறது.

நம் எலும்பின் கால்சியம், மூச்சின் ஆக்சிஜன், ரத்தத்தின் இரும்பு எல்லாம் நட்சத்திரங்களுக்குள் உண்டாகி, அவற்றின் முடிவில் வெளியே வந்தவை. தி.நகர் நகைக்கடைகளில் மின்னும் தங்கத்தின் கதை கொஞ்சம் வேறு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதன் ஈர்ப்பு அலைகளும் ஒளியும் பூமியில் பதிவாயின. கனமான தனிமங்கள் அத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அந்த ஒளியில் சான்று இருந்தது.

## அப்போது கருந்துளை?

நியூட்ரான்களுக்கும் ஓர் எல்லை உண்டு. மிஞ்சும் மையம் இரண்டு சொச்சம் சூரிய நிறையைத் தாண்டினால் அவற்றாலும் தாங்க முடியாது. சரிவு நிற்காது. ஒளிகூடத் தப்ப முடியாத ஒரு பகுதி உருவாகும். அதுவே கருந்துளை. பொதுவாக இருபது, இருபத்தைந்து சூரிய நிறைக்கு மேல் பிறந்தவைதான் இந்த இடத்துக்கு வருகின்றன. அவற்றிலும் எல்லாமே வருவதில்லை. எவ்வளவு பொருளை வழியில் இழந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

கருந்துளை அக்கம்பக்கத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு திரியும் என்பதும் தவறு. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இருண்டு உறையும், ஆனால் இப்போதைய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2022இல் அறிவிக்கப்பட்ட கயா பி.எச்.1 என்ற கருந்துளை சுமார் 1,560 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இதுவரை தெரிந்தவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 186 நாளுக்கு ஒருமுறை அதை நிம்மதியாகச் சுற்றி வருகிறது.

ஆக, சூரியன் வெள்ளைக் குள்ளனோடு நின்றுவிடும். கருந்துளை அதன் வழியிலேயே இல்லை.

## பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து

சென்னையின் விளக்கு வெளிச்சத்தில் நிறைய நட்சத்திரங்கள் தெரியாது. ஆனால் இந்தக் கதைக்கு வேண்டியவை தெரியும். ஜனவரியில் இரவு எட்டு மணி வாக்கில் கடலைப் பார்த்து நின்று, தலையை நன்றாக உயர்த்துங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாகத் தெரிவது திருவாதிரை, மார்கழியில் களி செய்து கொண்டாடுகிறோமே அதே நட்சத்திரம். அந்த மூன்றின் வரிசையை மேல்நோக்கி நீட்டினால் சிவந்த ரோகிணி. கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ். ரோகிணி ஏற்கெனவே சிவப்பு ராட்சசன் ஆகிவிட்டது. அதன் நிறை சூரியனைவிடச் சற்றே அதிகம், அதனால் சூரியனின் எதிர்காலத்தை அதில் பார்க்கலாம்.

திருவாதிரை வேறு வகை. பதினைந்து சூரிய நிறையை ஒட்டி இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பிறந்து ஒரு கோடி ஆண்டு அளவுதான் ஆகியிருக்கும், அதற்குள் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டும். 2019 இறுதியில் அது திடீரென்று மங்கியபோது இதோ வெடிக்கப்போகிறது என்று செய்திகள் பரவின. அது வெளியேற்றிய பொருள் தூசாகி ஒளியை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களில் பழைய ஒளி திரும்பியது. வெடிப்பு ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்கிறார்கள்: நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை எப்போதோ இறந்துவிட்டன, ஒளி மட்டும் வருகிறது என்று. வெறும் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருக்கின்றன. அவற்றின் ஆயுளோ கோடிக்கணக்கான ஆண்டுகள். அதனால் நாம் பார்க்கும் எல்லாமே ஏறக்குறைய நிச்சயமாக இன்னும் இருக்கின்றன. சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு முதுமையில் இருப்பவை திருவாதிரை, கேட்டை போன்ற ஒரு சிலதான். அவற்றிலும் இறந்திருக்கும் வாய்ப்பு மிகச் சிறியது.

திருவாதிரை வெடித்தால் பகலிலும் தெரியும், சில மாதங்கள் நிலவோடு போட்டி போடும் ஒளி இருக்கும். ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் நமக்குத் தீங்கு வராது. அந்த வெடிப்பை முதலில் உணரப்போவதும் நம் கண்கள் இல்லை, பூமிக்கடியில் இருக்கும் நியூட்ரினோ கருவிகள். ஒளி வந்து சேர்வதற்கு முன்பே உலகம் முழுவதும் உள்ள வானாய்வகங்களுக்குத் தகவல் போய்விடும்படி ஏற்பாடு இருக்கிறது. அடுத்த முறை 'திருவாதிரை இன்றிரவு வெடிக்கிறது' என்று யாராவது அனுப்பினால், நியூட்ரினோ பதிவானதா என்று அவரிடம் கேளுங்கள்.